டொக்யாட் வீதிச் சீனத்தார் கடை

திருகோணமலைக்கு உத்தியோகமாகி வந்திறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சமைக்கத் தெரியாது, நீந்தத் தெரியாது. இங்கிலீசில் கடிதம் எழுத மட்டும் நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் துறைமுகக் களஞ்சியக் கந்தோரில் என்னை லிகிதராக எடுத்தார்கள். ஆணி எத்தனை பெட்டி, கயிறு எத்தனை சுருள், சாம்பல் நிறப் பெயின்ற் எத்தனை வாளி என்று எழுதுவதுதான் வேலை. உலகமெல்லாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது அப்போது பத்திரிகையில் மட்டும் நடந்தது.

மட்டக்களப்பு நண்பன் ஒருவனோடு ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்கினேன். அவனும் அதே கந்தோரில் லிகிதர். வீட்டுக்காரியே சாப்பாடும் தருவார். நல்ல மனுஷி. ஆனால் அவருடைய வளவில் பூசணிக் கொடி ஒன்று வெறிபிடித்ததுபோலக் காய்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பூசணிக்காய்க் குழம்பு. செவ்வாய்க்கிழமை பூசணிக்காய்ப் பாற்கறி. புதன் திரும்பவும் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை விசேஷமாகப் பப்படமும் பொரிப்பார். இரண்டு மாதம் பொறுத்தோம். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கந்தோர் விட்டு டொக்யாட் வீதியால் வந்துகொண்டிருந்தபோது, உள்ளி எண்ணெயில் வதங்கும் வாசனை வந்தது. நண்பன் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"இது பூசணிக்காய் இல்லை" என்றான்.

வாசனையைப் பிடித்துக்கொண்டு போனோம். ஓடு போட்ட சின்ன வீடு. முன் அறையில் இரண்டு மேசை, நாலு வாங்கு. பெயர்ப்பலகை இல்லை. பதினேழு பதினெட்டு வயதுள்ள ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்தால் சீனப் பிள்ளை. பாவாடை தாவணியைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பிள்ளை. வாயைத் திறந்ததும் சந்தேகமே இல்லாமல் திருகோணமலைப் பிள்ளை.

"என்ன அண்ணை, வாசல்லை நிண்டு மணந்துபோட்டுப் போறதோ, உள்ளை வந்து இருக்கிறதோ? வழியிலை நிக்காதேங்கோ, ஆக்கள் வரவேணும்."

உள்ளே போய் இருந்தோம். முட்டை போட்டுப் பிரட்டிய சோறும், கங்குன் கீரை வறுவலும், பெரிய கோப்பையில் இறால் போட்ட சூப்பும் வந்தன. பத்துச் சதம். நண்பன் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தான், அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று.

அப்படித்தான் அந்தக் குடும்பத்தோடு பழக்கம் தொடங்கியது. தகப்பனாரை ஊரில் எல்லாரும் சீனத்தார் என்றே அழைத்தார்கள். சீனாவின் வட பக்கத்தில், கடலோர மாகாணம் ஒன்றில் பிறந்தவர். வாலிப வயதில் மாமன் ஒருவரோடு இலங்கைக்கு வந்து, சைக்கிளின் பின்னால் பட்டுத் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் வீடு வீடாக விற்றவர். இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் இங்கேயே பிறந்தாள். பிறகு சீனாவில் சண்டை மூண்டு பட்டு வருவது நின்றது. மூட்டை சிறுத்துச் சிறுத்து, ஒரு நாள் சைக்கிள் மட்டும் மிஞ்சியது. "விக்கிறதுக்குச் சாமான் இல்லை, ஆனால் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும்" என்று மகள்தான் கடை போடும் யோசனையைச் சொன்னாளாம்.

சீனத்தாரின் தமிழ் ஊரில் பெயர்போனது. அவரிடம் துணி வாங்கியவர்கள் எல்லாம் பெண்கள். அவர் தமிழ் படித்ததும் அவர்களிடம்தான். ஆகவே ஆறடி உயரமுள்ள அந்த மனிதர், குசினி வாசலில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, "எணேய் பிள்ளை, ஏன் வாடிப்போய் இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுறேல்லையோ" என்று நீட்டி முழக்கிக் கேட்பார். கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருத்தி ஆண் குரலில் கதைப்பதுபோல இருக்கும். சிரிப்பவர்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடா என்று ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அதைச் சொல்லிச் சீண்டாத ஆளில்லை. "சீனன்குடா உங்கடை சீதனமோ?" என்று கேட்பார்கள். "ஓம். காணி உறுதியைத்தான் எங்கையோ துலைச்சுப்போட்டன்" என்பார்.

மனைவி பேச்சுக் குறைவு. தமிழில் 'வா', 'இரு', 'காணுமோ', 'இன்னும்' ஆகிய நாலு சொல்லை வைத்துக்கொண்டு முழுக் கடையையும் நடத்தினார். அதிலும் 'காணுமோ' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் 'இன்னும்' என்று போடுவார்.

பெயர்ப்பலகை எழுதியது நான்தான். என் எழுத்து வடிவாக இருக்கும் என்று நண்பன் புகழ்ந்துவிட்டான். பலகையில் என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. அந்த வேளையில் கடைக்குக் கோழி கொண்டுவருபவர் கிண்ணியாக்காரர் ஒருவர். முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும், எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். அவர் கோழிக்கூட்டை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஒரு வருசமா உங்களுக்குக் கோழி தாறன். ஒரு நாள் உள்ளுக்க வந்து தின்னேலாம இரிக்கு. பண்டி சமைக்கிற சட்டியில எனக்கு வேணாம். பண்டி இல்லையெண்டு இந்தப் பலகையில எழுதுங்க, எங்கட ஆக்கள் நூறு பேர கூட்டி வாறன்."

உடனே நண்பன் சொன்னான்: "அப்பிடியெண்டால் மாடும் இல்லையெண்டு எழுதவேணும். இல்லாட்டிச் சைவ சமயத்து ஆக்கள் வராயினம்."

சீனத்தார் உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். குசினியில் கொஞ்ச நேரம் சீன மொழியில் பெரிய சண்டை நடந்தது. பன்றி இல்லாமல் சமைப்பது உப்பில்லாமல் சமைப்பதுபோல என்று அந்த அம்மா சொன்னாராம், மகள் மொழிபெயர்த்தாள். பிறகு குசினி அமைதியானது. அடுத்த நாள் சந்தையில் புதுச் சட்டிகள் வாங்கிக்கொண்டு சீனத்தார் சைக்கிளில் வந்தார். நான் பலகையில், 'சீனச் சாப்பாட்டுக்கடை. பண்டியும் இல்லை, மாடும் இல்லை' என்று எழுதினேன். அப்படியானால் என்னதான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் உள்ளே வந்தார்கள். நானா நூறு பேரைக் கூட்டி வரவில்லை. ஆனால் அவர் வாரத்தில் மூன்று நாள் வந்து, மூன்று பேருக்குரியதைச் சாப்பிட்டார்.

பிறகு யுத்தம் பத்திரிகையை விட்டு இறங்கி எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. யப்பான்காரன் சண்டைக்குள் வந்தான். சிங்கப்பூர் விழுந்தது. ரங்கூன் அரிசி வருவது நின்றது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. அரிசி போதாது என்று கோதுமை மாவையும் சேர்த்துத் தந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் அந்த மாவை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரி அதைப் பூசணிக்காய்க் குழம்பில் கரைத்துத் தடிப்பாக்கினார். சாப்பாட்டுக்கடைகள் ஒவ்வொன்றாய் மூடின.

சீனத்தார் கடையில் மட்டும் அன்று கொண்டாட்டம். வட பக்கச் சீனர்களுக்குச் சோறு விருந்தாளிபோல, கோதுமை மாதான் வீட்டுப் பிள்ளை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாவைப் பிசைந்து, துணியால் மூடி வைத்து, பிறகு ஒரு கட்டியை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார் சீனத்தார். மடித்தார், இழுத்தார், மேசையில் அறைந்தார், திரும்பவும் மடித்தார். கயிறு இரண்டாகி, நாலாகி, எட்டாகி, எண்ண முடியாத நூலாகிக் கையில் தொங்கியது. வெய்யிலில் வேர்த்துக்கொண்டு வாசலில் நின்ற கூட்டம் கோயில் திருவிழா பார்ப்பதுபோலப் பார்த்தது. அந்த அம்மா அதை வாங்கிக் கொதிநீரில் போட்டு, இறாலும் வெங்காயத்தாளும் மிளகாய் எண்ணெயும் சேர்த்துக் கோப்பையில் தந்தார். ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கு 'சீன இடியப்பம்' என்று பெயர் வைத்துவிட்டது. துணியை யார்க் கணக்கில் அளந்து விற்ற பழக்கத்தில் சீனத்தார், "உமக்கு எத்தினை யார் வேணும்?" என்று கேட்பார். நண்பன் எப்போதும் மூன்று யார் கேட்பான். குச்சியால் சாப்பிடப் பழகுகிறேன் என்று ஒரு நாள் முயன்றான். பக்கத்தில் இருந்த தபால்காரரின் மடியில் அரை யார் விழுந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

துறைமுகப் பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீண்ட முகம், சிவந்த மீசை, ஸ்கொட்லாந்துக்காரர். மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. துறைமுகத்துக்குக் கிட்ட வசிக்கும் அந்நியர்களின் பட்டியல்.

"நீ அந்தச் சாப்பாட்டுக்கடைக்குப் போகிறவன் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆள் சீனனா, யப்பான்காரனா?"

ஊரில் அந்தக் கதை முளைத்திருந்தது எனக்கும் தெரியும். இருபது வருஷமாகத் தங்கள் வீட்டுப் படியில் இருந்து துணியை விரித்துக் காட்டிய மனிதரைப் பற்றி, "ஆர் கண்டது, உளவு பாக்க வந்தவராயும் இருக்கலாம்" என்று சிலர் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு உத்தியோகம் நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதிகாரியின் பேனா என் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதப்போகிறதோ என்று பயந்தேன்.

"அங்கே சாப்பிடுவேன், சேர். அவ்வளவுதான். அவரைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றேன்.

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன். அன்று மத்தியானம் கடைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனேன். அந்த அம்மா வழமைபோல 'இன்னும்' என்று அகப்பையோடு வந்தார். கோப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். ஆனாலும் முதலில் போட்டதைச் சாப்பிட்டு முடித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொழும்பில் குண்டு விழுந்து சில நாட்களில் எங்களுக்கும் விழுந்தது. அன்று காலை நான் முகத்தில் சவர்க்கார நுரையோடு கிணற்றடியில் சவரம் செய்துகொண்டு நின்றேன். சங்கு ஊதியது. நண்பனும் நானும் வீட்டுக்காரியும் வளவில் வெட்டியிருந்த குழிக்குள் குதித்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிலம் மாட்டின் தோல்போல அடிக்கடி சிலிர்த்தது. வெளியே வந்து பார்த்தபோது சீனன்குடாப் பக்கம் வானமே கறுத்திருந்தது. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. பிறகு பல நாள் எரிந்தது. ஊர் முழுவதும் வீதியில் இறங்கி நடந்தது. நாங்களும் பாதி சவரத்தோடு கன்னியாப் பக்கம் நடந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். நாலு நாளில், துறைமுக உத்தியோகத்தர்கள் வேலைக்குத் திரும்பவேண்டும் என்று கட்டளை வந்தது. திரும்பினோம்.

ஊரில் காகமும் மாடும்தான் நின்றன. சீனத்தார் கடை வாசல் சாத்திக் கிடந்தது. எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை கந்தோர் வாசலில் யாரோ என்னைத் தேடுவதாகக் காவற்காரன் வந்து சொன்னான். போய்ப் பார்த்தால் சீனத்தாரின் மகள். பக்கத்தில் கிண்ணியா நானா. பிள்ளையின் கால் முழங்கால் வரை சேறு.

"அண்ணை, அப்பாவைப் பிடிச்சு வைச்சிருக்கினம்" என்றாள். "குண்டு விழுந்த அண்டைக்கு நானா என்னையும் அம்மாவையும் தோணியிலை கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மாவை விட்டிட்டு வரமாட்டன் எண்டு அப்பா கடையிலை நிண்டிட்டார். நானா இறக்கின கோழியெல்லாம் வெடிச் சத்தத்திலை கூட்டை உடைச்சுக்கொண்டு ஓடியிட்டுது. அப்பா அதுகளைத் துரத்திக்கொண்டு டொக்யாட் வேலி வரைக்கும் போயிருக்கிறார். ஊரிலை ஒரு சனம் இல்லை, இவர் மட்டும் வேலிக்குள்ளாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டால் என்ன நினைப்பினம்? யப்பான்காரன் எண்டு பிடிச்சிட்டினம்."

"கோழியைத்தான் பாத்தன் எண்டு அவர் சொல்லேல்லையோ?"

"சொன்னவராம். கோழியைக் காட்டு எண்டிருக்கினம். கோழி நிக்குமோ?"

நானா சொன்னார்: "தம்பி, நான் எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லிப் பாத்தன். எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க அந்தத் துரையோட கதைக்கவேணும். உங்களுக்கு இவர நல்லாத் தெரியும்தானே."

அந்த 'நல்லாத் தெரியும்தானே' எனக்கு எங்கே பட்டது என்று இப்போதும் சொல்ல முடியும். உள்ளே போய், மேலதிகாரியிடம் ஒரு மணித்தியாலம் வெளியே போகிறேன் என்று கேட்டுக்கொண்டு, அவர்களோடு நடந்தேன்.

பாதுகாப்பு அதிகாரியின் அறையில் சீனத்தார் ஒரு கதிரையில் இருத்தப்பட்டிருந்தார். தாடி முளைத்திருந்தது. மகளைக் கண்டதும், "அம்மா சாப்பிட்டவவோ?" என்றுதான் முதலில் கேட்டார். அவரிடம் இருந்த பதிவுப் பத்திரம் மேசையில் கிடந்தது. பழையது, தண்ணீர் பட்டு அரைவாசி அழிந்திருந்தது. மிஞ்சியதும் சீன எழுத்து.

"இதை எனக்கு வாசிக்கத் தெரியாது. உனக்கும் தெரியாது" என்று அதிகாரி என்னிடம் சொன்னார். "ஆகவே தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்."

துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றின் சமையற்காரர் உள்ளே வந்தார். சீனர், குள்ளமான மனிதர், வெள்ளைக் காற்சட்டை. சீனத்தாரைப் பார்த்து ஏதோ கேட்டார். சீனத்தார் விழித்தார். சீனத்தார் ஏதோ சொன்னார். கப்பற்காரர் தலையை ஆட்டினார், விளங்கவில்லை என்று. இன்னொருமுறை மெதுவாகக் கேட்டார். சீனத்தாருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அதிகாரியின் சிவந்த மீசை என் பக்கம் திரும்பியது. நானா வாசலில் நின்று வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அப்போது சீனத்தார் எழும்பி, மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, ஒரு கடதாசியில் மேலிருந்து கீழாக நாலைந்து எழுத்து எழுதினார். கப்பற்காரர் குனிந்து பார்த்தார். முகம் விரிந்தது. பென்சிலைப் பறித்து அவரும் எழுதினார். இவர் எழுதினார், அவர் எழுதினார். வாய் பேசாமல் கடதாசி நிரம்பிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் கப்பற்காரர் கோபமாகத் தலையை ஆட்டி, எழுதியதன் கீழ் இரண்டு கோடு கீறினார்.

"என்ன சொல்கிறான்?" என்று அதிகாரி கேட்டார்.

கப்பற்காரர் தன் உடைந்த இங்கிலீசில் சொன்னார்: "முதலில் தன் ஊர் எது என்று எழுதினார். பிறகு என் ஊரைக் கேட்டார். இப்போது என் கப்பலில் சமையலுக்கு ஊற்றும் கறுப்புச் சோயா ரசம் இருக்கிறதா, ஒரு போத்தல் தருவேனா என்று கேட்கிறார். தரமாட்டேன் என்றேன்."

மகள் தலையில் கை வைத்தாள். "அப்பா, இப்ப உதுவோ கேக்கிறது?"

"ஆறு மாசமா இல்லையெணை" என்றார் சீனத்தார், பாவமாக. "பனங்கட்டியையும் மாசிக் கருவாட்டையும் காய்ச்சி ஊத்தி அம்மா சமாளிக்கிறா. ஒரு போத்தல்தானே கேட்டனான்."

அதிகாரிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இருவரும் சீனர் என்றால் ஏன் பேச்சு விளங்கவில்லை என்று கேட்டார். தான் தெற்கு, அவர் வடக்கு என்றார் கப்பற்காரர், "நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் கதைத்தால் லண்டன்காரனுக்கு விளங்குமா?" என்று திருப்பிக் கேட்டார். யப்பான்காரரும் இப்படி எழுதுவார்கள்தானே என்றார் அதிகாரி. கப்பற்காரரின் முகம் மாறியது.

"என் வீட்டையும் என் தம்பியையும் யப்பான்காரன் போட்ட குண்டில் இழந்தேன். ஒரு யப்பான்காரனுக்காக நான் பொய் சொல்வேனா?" என்றார்.

அதிகாரி பென்சிலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவனை விடவேண்டுமானால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். நீ அன்று இவனைத் தெரியாது என்று சொன்னாய். இன்று இங்கே எதற்கு வந்தாய்?"

"அன்று சொன்னது பொய், சேர்" என்றேன். "பயத்தில் சொன்னேன். ஒரு வருஷமாக இவர் கையால் சாப்பிடுகிறேன். இவர் பெயர்ப்பலகையை எழுதியவனே நான்தான். எனக்கு நன்றாகத் தெரியும்."

"இவன் பிழை செய்தால் உன் வேலை போகும். அதற்கு மேலும் வரும்."

"தெரியும், சேர்."

கையொப்பம் வைத்தேன். எழுத்து வடிவாக இருக்கவில்லை. நானா தானும் வைக்கிறேன் என்று முன்னே வந்து, யாரும் கேட்காமலே என் பெயருக்குக் கீழே பெருவிரல் அடையாளம் வைத்தார். அதிகாரி தடுக்கவில்லை.

உள்ளே இங்கிலீசில் நான் சொன்னது அவர்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. வெளியே வந்து வீதியில் நடக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. மகளையும் நானாவையும் முன்னே போகவிட்டு, சீனத்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அதிகாரி என்னைக் கூப்பிட்டது, நான் தெரியாது என்றது, அடுத்த நாள் ஒன்றும் நடக்காதவன்போல வந்து சாப்பிட்டது.

அவர் வேலியோரம் கோழி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

"அண்டைக்கு நீர் ரெண்டாந்தரம் வாங்கேல்லை" என்றார் பிறகு. "அம்மா சொன்னவ, பிள்ளைக்குச் சுகமில்லைப் போலை எண்டு. நான் நினைச்சன் மிளகாய் கூடிப்போச்செண்டு."

"எனக்கு வெக்கமா இருக்கு, ஐயா."

"இருக்கட்டும். வெக்கம் நல்லதுதான்" என்றார், எங்கள் பெரியம்மாக் குரலில். "ஆனா எணேய், எனக்கும் பயம். அஞ்சு நாளும் எனக்குப் பயம். பயந்த ஆக்கள் ரெண்டு பேர் வீதியாலை போறம், வேறை ஒண்டுமில்லை. கெதியா நட, கோழி தேடவேணும்."

ஏழு கோழியில் நாலைப் பிடித்தோம். ஒன்று பாதுகாப்பு அதிகாரியின் கந்தோர்க் கூரையிலேயே நின்றது. அதைக் கண்டதும் சீனத்தார் திரும்பி ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டியே தீருவேன் என்று நின்றார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் அந்த அம்மா கிண்ணியாவிலிருந்து வந்து சேர்ந்தார். கடை திறந்தது. ஊர் அரைவாசிதான் திரும்பியிருந்தது. வேறு கடை எதுவும் இல்லாததால் அந்த அரைவாசியும் அங்கேதான் சாப்பிட்டது. முன்பு உளவாளி என்று கதைத்த இரண்டு பேரும் வந்து, வாங்கின் கரையில் இருந்து, தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மா அவர்களுக்கும் 'இன்னும்' என்று போட்டார். கப்பற்காரர் தன் கப்பல் புறப்படும் முன்பு ஒரு நாள் வந்து, சீன இடியப்பம் ஐந்து யார் சாப்பிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து சோயா ரசப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் அறைந்து வைத்துவிட்டுப் போனார்.

பிந்திய வருஷங்களில் துறைமுகம் கப்பல்களால் நிரம்பியது. எத்தனையோ தேசத்து மாலுமிகள் வீதி நிறையத் திரிந்தார்கள். கடையில் மேசை ஆறானது. மகள் காசு மேசையில் இருந்துகொண்டு நாலு பாஷையில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்தாள். வெள்ளைக்காரனும் வரிசைதான், வண்டிக்காரனும் வரிசைதான். அந்தச் சிவந்த மீசை அதிகாரியும் ஒரு நாள் வந்தார். அவரையும் தபால்காரருக்குப் பின்னால் நிறுத்தினாள். அவர் நின்றார். சாப்பிட்டு முடித்து, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் நான் சாப்பிட்டது என்ன?" என்றார். கோழி என்றேன்.

யுத்தம் முடிந்து தபால் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, சீனத்தார் ஊருக்குக் கடிதம் போட்டார். ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் கோப்பைக்காகக் காத்திருந்தார். சீனத்தார் கைகளை மாப் போகத் துடைத்து, கடிதத்தைப் பிரித்து வாசித்தார். வாசித்தவர் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். கடை முழுவதும் கை நிறுத்திப் பார்த்தது.

"என்னப்பா, ஆருக்கும் ஏதுமோ?" என்று மகள் எழும்பினாள்.

"அண்ணர் எழுதியிருக்கிறார்" என்றார் சீனத்தார். "இலங்கையிலை குண்டு விழுந்ததெண்டு அவைக்கும் கேள்வி. கடிதமும் வரேல்லை. நான் முடிஞ்சுபோனன் எண்டு நினைச்சு, அங்கை என்ரை செத்தவீட்டைச் செய்து முடிச்சுப்போட்டினம்."

ஒருவருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலும் வாசித்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கினம். மூண்டு நாள் சாப்பாடு குடுத்திருக்கினம். ஆர் ஆர் வந்தவை எண்டு பெயர் பெயராய் எழுதியிருக்கு." விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே போனார். நின்றார். முகம் சிவந்தது. "என்ரை மச்சான் வரேல்லை. பக்கத்து வீடு. நான் இஞ்சையிருந்து அவனுக்கு எத்தினை தரம் காசு அனுப்பினனான். என்ரை செத்தவீட்டுக்கு அவன் வரேல்லை."

அந்த அம்மா குசினி வாசலுக்கு வந்து சீன மொழியில் ஒரு கேள்வி கேட்டார். அவர் பதில் சொன்னார். அம்மா கடிதத்தை வாங்கித் தானும் அந்தப் பட்டியலைப் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று நண்பன் கேட்டான்.

"அந்த மச்சானுக்கு இனி ஒரு சதமும் இல்லையாம்" என்றாள் மகள். "அப்பா, எழும்புங்கோ. தபால்காரர் எவ்வளவு நேரமாய் நிக்கிறார்."